கொடைக்கானலில் மழைத் தண்ணீர் போன வழி



சென்ற ஐப்பசி அடைமழையில், எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஒரு தங்கும் விடுதியின் தடுப்புச் சுவர் சரிந்து ரோட்டில் விழுந்தது. ராத்திரி நேரமானதால் ஆளுக்குச் சேதமில்லை. விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன். விடுதிக்காரர் ஆசையாக வளர்த்த புல்தரை, பாயைச் சுருட்டி வைத்தது போலக் கிடந்தது. ரோஜாச் செடிகள் வேரோடு தார் ரோட்டில். செம்மண் குழம்பு பக்கக் கால்வாயை அடைத்துவிட்டு ரோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "இயற்கைய யாரு சார் தடுக்க முடியும்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அதே வார்த்தையை ஒரு காலத்தில் என் கையாலேயே கோப்பில் எழுதியவன் நான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

நான் பிள்ளைப் பருவத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பூகோள வாத்தியார் வைகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரோன் நதியும் துரான்ஸ் நதியும் எங்கே பிறந்து எங்கே சேருகின்றன என்று மட்டும் மனப்பாடமாகச் சொல்லவேண்டும். ஆல்ப்ஸ் மலைக் காட்டாறுகளுக்கு 'தொரான்' என்று பெயர். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் பாறையும் சேறுமாக இறங்கிக் கீழே உள்ள கிராமத்தை மூடிவிடும். அப்போது அது வெறும் பரீட்சைப் பாடம். கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

பிரான்சில் பாலம், சாலை இலாகாவில் இருந்த அலெக்சாந்த்ர் சுரேல் என்ற பொறியாளர் 1841-ல் அந்தக் காட்டாறுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சரிவில் காடு இருந்தால் காட்டாறு உண்டாகாது, காட்டை அழித்தால் அந்த மண் காட்டாற்றுக்கு இரையாகும் என்பது அவர் கண்ட உண்மை. இன்று இது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அன்று அதை அரசாங்கம் ஏற்க இருபது வருஷம் ஆயிற்று. 1860-ல் மலைகளில் மரம் நடச் சட்டம் வந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் மேய்ச்சல் போய்விடும் என்று எதிர்த்தார்கள். அதனால் 1864-ல் மரத்துக்குப் பதிலாகப் புல் வளர்க்கவும் இடம் கொடுத்து இன்னொரு சட்டம். பிறகு 1882-ல் மலை நிலங்களைச் சீர்படுத்துவதற்கென்றே ஒரு சட்டம். ஓடைகளுக்குக் குறுக்கே சிறுசிறு கல்லணைகள், கிளைகளைப் பின்னிய வேலிகள், மேலே புல், அதற்கு மேலே மரம் என்று படிப்படியாக வேலை செய்தார்கள். நம் நாட்டு வனத்துறைக்கு வந்த ஆங்கில அதிகாரிகள் பலரும் அந்தக் காலத்தில் பிரான்சின் நான்சி நகரத்து வனப் பள்ளியில் பயின்றவர்கள்தான்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளக்க வந்தபோது மேல்மலையில் பெரும்பாலும் இரண்டே வகை நிலம்தான். மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. புல்லின் வேர் மண்ணை வலைபோலப் பிடித்துக்கொள்ளும். பெய்த மழையில் பெரும் பகுதி உள்ளே இறங்கிச் சோலையில் கசிந்து, கோடையிலும் ஓடையாக வரும். ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. அத்தனையையும் கரைத்துக்கொண்டு போகாமல் இந்த மலை நின்றதற்குக் காரணம் அந்தப் புல்லும் சோலையும்தான்.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். சுமார் 60 ஏக்கர். நாம் படகு விடும் ஏரியாக மட்டும் இதைப் பார்க்கிறோம். சுற்றியுள்ள சரிவுகளில் பெய்கிற மழையெல்லாம் வந்து, மண்ணைப் படியவிட்டுப் போகிற இடமும் இதுதான். ஏரி வழிந்த தண்ணீர்தான் காட் ரோட்டில் நாம் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி அருவி. மேலே ஒரு விடுதிக்காரர் வெட்டிய மண் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால், மழை விட்ட மறுநாள் அந்த அருவியின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

பிரெஞ்சுக்காரர்களும் வந்தார்கள். லூயி சேன்-சீர் என்ற சேசு சபைப் பாதிரியார் 1866-ல் சலேத் மாதா கோயிலைக் கட்டினார். சலேத் என்பது சுரேல் எழுதிய ஆல்ப்ஸ் மலைகளை ஒட்டிய ஊர்தான். எனக்கு அந்தக் கோயில் வாசலில் நிற்கும்போதெல்லாம் பழைய பூகோளப் பாடம் ஞாபகம் வரும். 1895-ல் செண்பகனூரில் சேசு சபைக் கல்லூரி ஏற்பட்டது. அங்கே இருந்த லூயி ஆங்லாத் பாதிரியார் (1873–1953) இந்த மலையின் செடிகொடிகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து வரைந்து வைத்தார். அந்த வழியில் வந்த கே.எம். மேத்யூ பாதிரியார் 1999-ல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்று இன்று நாம் தெரிந்துகொள்ள முடிகிறதென்றால் இவர்களைப் போன்றவர்களால்தான்.

ஆனால் மண்ணைக் காக்கும் வித்தையை வெள்ளைக்காரர்தான் கொண்டுவந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பூம்பாறைக்குப் போகிற ரோட்டில் ஊர் தெரிகிற வளைவில் நின்று பாருங்கள். குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி, சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற அந்தப் படிகளை யாரும் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுக் கட்டவில்லை. ஒவ்வொரு படியும் சரிவின் போக்கை ஒட்டி வளைந்து போகும். ஒரு படியில் விழுந்த மழை வேகமெடுப்பதற்கு முன்பே அடுத்த படியில் நின்றுவிடும். மிஞ்சியது ஓரத்து வாய்க்கால் வழியாக ஓடைக்குப் போகும். சரிவில் தண்ணீர் வேகமெடுக்க எடுக்கத்தான் மண்ணை அரிக்கும் பலமும் கூடும். வேகத்தைக் கொன்றால் பாதி வேலை முடிந்தது. இந்த ஒரு ரகசியத்தைத்தான் பூம்பாறைக்காரரும் ஆல்ப்ஸ் மலைக்காரரும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

லாஸ் காட் ரோட்டைப் போட்டவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் மோட்டார் ஏறத் தொடங்கிய ரோடு அது. மலைப் பக்கம் ஒரு கால்வாய், ஓடை வருகிற இடத்தில் எல்லாம் அடியில் ஒரு சிறுபாலம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மழைக்கு முன்பே சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியோடு நடந்து நடந்து அந்தக் கால்வாயைத் தூர் வாருவதைப் பார்த்திருக்கிறேன். இலைக் குப்பை ஒரு கூடை அடைத்தாலும் தண்ணீர் ரோட்டின் மேலே ஏறி மறுபக்கச் சரிவை அறுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிசகு எங்கே தொடங்கியது? என் கணக்கில் இரண்டு இடத்தில். முதலாவது, புல்வெளியைத் தரிசு என்று நினைத்தது. பிரான்சில் மரத்துக்குப் பதில் புல் போதும் என்று 1864-லேயே ஒப்புக்கொண்டார்கள். நாமோ சுதந்திரத்துக்குப் பிறகு, இருந்த நல்ல புல்லின் மேல் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டோம். பைன் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், அடியில் ஊசி இலை மெத்தையைத் தவிர வேறொன்றும் பெரிதாக முளைக்காது. வாட்டில் மரமோ நட்ட இடத்தோடு நிற்காமல் கிடைத்த இடமெல்லாம் பரவிவிட்டது.

இரண்டாவது, கட்டடம். சட்டம் இல்லாமல் இல்லை. மலைப் பகுதிகளில் மரம் வெட்டுவதையும் சரிவில் பயிர் செய்வதையும் கட்டுப்படுத்த 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. 1985-ல் பழனி மலைகள் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கியது. மேத்யூ பாதிரியாரும் அதில் முன்னின்றவர். 1990-ல் மலைப் பகுதிகளில் கட்டடம் கட்டுவதைக் கண்காணிக்க, 'ஹாக்கா' என்று நாம் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் வந்தது. 1993-ல் கொடைக்கானலுக்கு மாஸ்டர் பிளான் வந்தது. அதே நேரத்தில்தான் அந்த ஏழு மாடி ஓட்டல் விவகாரமும். அனுமதிக்கு மேல் கட்டிய மாடிகளுக்கு அரசு 1994-ல் விலக்கு ஆணை கொடுத்தது. கவுன்சில் வழக்குப் போட்டது. 1995-ல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. 2000 பிப்ரவரியில் தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் உள்ளிட்டவர்களுக்குத் தண்டனை கொடுத்ததும், 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அரசியல் எனக்கு வேண்டாம். நம் ஊர்ச் சரிவில் ஒரு கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம் என்ற கேள்வி டில்லி வரை போயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மண்ணோடு வேறு என்னவெல்லாம் போகும் என்பதைத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை காட்டியது. 2001-ல் அது மூடப்பட்டபோது, பாதரசம் கலந்த மண் மழையில் பாம்பாறு சோலைப் பக்கம் இறங்கியது என்பதுதான் பெரிய கவலை. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிற தண்ணீர். மேலே அரிக்கிற மண் கீழே ஒருவர் குடிக்கிற தண்ணீரில்தான் போய்ச் சேரும். பிறகு 2018, 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விதி மீறிய விடுதிகளுக்கு சீல் வைத்ததையும் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து மரம் சாய்ந்து, மண் சரிந்து ஊர் துண்டிக்கப்பட்டதையும் பார்த்தோம்.

மாடிகளை எண்ணத் தெரிந்த நமக்கு, தோட்டத்தை எண்ணத் தெரியவில்லை. விடுதிக் கட்டடம் விதிப்படியே இருக்கும். ஆனால் சரிவை நேராக வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமப்படுத்தி, அதன் மேல் புல்தரையும் கார் நிறுத்த பேவர் பிளாக் தரையும் போடுவார்கள். வெட்டிய பக்கமும் பலவீனம், கொட்டிய பக்கமும் பலவீனம். விரிப்பாக வாங்கி ஒட்டிய புல்லின் வேர் சில அங்குலம்தான்.

கிளார்க் புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். கூரையும் கார் நிறுத்துமிடமும் சேர்ந்து 10,000 சதுர அடி என்று வையுங்கள். அது சுமார் 930 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 93,000 லிட்டர். 10,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பதை ஒரே ராத்திரியில் அந்தச் சரிவில் திறந்து விட்டதற்கு மேல். முன்பு பெரும் பகுதியைக் குடித்துக்கொண்ட மண் இப்போது ஒரு சொட்டும் குடிக்காது.

இனி சுவர். மூன்று மீட்டர் உயரத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்க நின்றுவிட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்தத் தண்ணீர் மட்டுமே நாலரை டன் பலத்தோடு தள்ளும். மண்ணின் தள்ளுதல் தனி. அதனால்தான் சுவரில் வரிசையாக ஓட்டை விட்டு, பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும் என்பது. பிரெஞ்சில் அந்த ஓட்டைக்கு 'பார்பகான்' என்று பெயர். பழைய கோட்டை வாசலுக்கு முன்னால் இருக்கும் காவல் அரணுக்கும் அதே பெயர்தான். எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. சுவரைக் காப்பது அந்த ஓட்டைகள்தான். ஆனால் சிமெண்ட் சுவருக்குப் பெயிண்ட் அடித்த பிறகு ஓட்டையிலிருந்து அழுக்குத் தண்ணீர் வழிந்து கறை பிடிக்கிறது என்று அதை அடைத்துவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கதை.

1990-களின் தொடக்கம். அப்போது நான் இருந்த அலுவலகத்தின் பெயரும் அந்த விடுதியின் பெயரும் வேண்டாம். விடுதி விரிவாக்கத்துக்கான ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. 'மழைநீர் வடிகால் வசதி உள்ளதா?' என்று ஒரு கலம். வரைபடத்தில் நீல மையில் ஒரு கோடு இருந்தது. அதைப் பார்த்து 'உள்ளது' என்று எழுதினேன். இடம் என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போய்ப் பார்க்கவில்லை. யாரும் என்னிடம் பணம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. வெளியே தூறல், மேசையில் நிறையக் கோப்பு, அவ்வளவுதான் காரணம்.

அந்தச் சுவரைக் கட்டிய வயதான கொத்தனாரை டீக்கடையில் பார்ப்பதுண்டு. ஒரு நாள் அவராகவே சொன்னார்: "சார், ஓட்ட விடச் சொல்றேன், வேணாங்கிறாக. சொவத்தக் கட்டிப்புட்டா தண்ணி எங்கிட்டுப் போகும்? அது பாட்டுக்குப் போற வழிய விட்டுட்டுல்ல கட்டணும்?" நான் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி மழையில் அந்தச் சுவர் போயிற்று. கீழே மூன்று ஓட்டு வீடுகள். சுவர் வயிறு தள்ளியிருப்பதைப் பார்த்து அந்தக் கொத்தனாரே முதல் நாள் சாயங்காலம் அவர்களை எழுப்பிக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பயமாக இருக்கிறது. ஒரு வீடு முழுக்க மண்ணுக்குள். இரண்டு ஆடுகள் செத்தன.

விறகு சுமந்து விற்கும் அந்த வீட்டு அம்மா இரண்டு நாள் கழித்து வந்தார். "எனக்கு எழுதத் தெரியாது, நீங்களே மனு எழுதிக் குடுங்க சார். மேல லாட்ஜுக்காரவுக மண்ணக் கொட்டுனதாலதான் வீடு போச்சுன்னு எழுதுங்க" என்றார். எனக்கு விதி தெரியும். மழை வெள்ளத்தால் வீடு இடிந்தது என்றால் நிவாரணத் தொகை உண்டு. பக்கத்து நிலக்காரரால் இடிந்தது என்றால் அது கோர்ட்டு விவகாரம். அவர் வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் அலைய வேண்டும். எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப மேல உள்ளவுகளுக்கு ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்டார்.

'கனமழை காரணமாக, இயற்கைச் சீற்றத்தால்' என்று எழுதினேன். கைநாட்டு வைத்தார். சிறிய தொகை ஒன்று கிடைத்தது. அவருக்கு நல்லது செய்ததாகத்தான் அன்று நினைத்தேன். அந்தப் பணம் அவருக்குத் தேவை என்பதும் உண்மை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சரிவைப் பற்றி அரசாங்கத்திடம் இருக்கும் தாள்கள் இரண்டே. ஒன்றில் வடிகால் உள்ளது. இன்னொன்றில் இயற்கைச் சீற்றம். இரண்டும் என் கையெழுத்து. அடுத்து அந்த இடத்தில் கட்ட வருகிறவர் பழைய கோப்பைப் புரட்டினால் அவருக்கு என்ன தெரியும்? நம் மலையில் இப்படி எத்தனை சுவர்கள் தாளில் இயற்கையால் விழுந்திருக்கின்றனவோ.

ஓய்வு பெற்ற பிறகு மழைக்கு மறுநாள் காலையில் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கால்வாய்த் தண்ணீர் தெளிவாக ஓடினால் மேலே சரிவு நலமாக இருக்கிறது. சிவப்பாக ஓடினால் யாரோ வெட்டுகிறார்கள். தெரிந்தவர் இடமென்றால் போய்ச் சொல்கிறேன். சிலர் காபி கொடுத்துக் கேட்கிறார்கள், சிலர் கேட் வரைக்கும் வந்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன்: சரிவின் உச்சியில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரை ஓரமாக ஓடைக்குத் திருப்புங்கள். ஒரே உயரச் சுவருக்குப் பதில் இரண்டு மூன்று குட்டைப் படிகளாகக் கட்டுங்கள். சுவரில் ஓட்டை விடுங்கள், விட்டதை அடைக்காதீர்கள். கார் நிற்கும் இடத்தில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு மண்ணைக் குடிக்க விடுங்கள். உங்கள் தண்ணீரைக் கீழ்வீட்டுக்காரர் தலையில் விடாதீர்கள்.

அந்த அம்மா இப்போது இல்லை. கொத்தனாரும் போய்விட்டார். பழைய இடத்தில் வேறு சுவர் நிற்கிறது. ஓட்டைகள் இருக்கின்றனவா என்று போனவாரம் எட்டிப் பார்த்தேன், இருக்கின்றன, ஏழு. அதில் இரண்டு அடைத்திருந்தது. குச்சியால் குத்திவிட்டு வந்தேன்.

மேல்மலைக்காரர்களும் கீழ்மலைக்காரர்களும் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் தெருவில், தோட்டத்தில், நீங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது எந்தக் கோப்பிலும் இல்லை. பேரப்பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டி வையுங்கள்.